ஸ்லைடு ஸ்விட்ச்: நடுக்கால் எந்தப் பக்கம் சேர்கிறது?

வடகிழக்குப் பருவமழை பிடித்து, முதல் முறை கரண்ட் போகும் இரவில் சென்னையில் பல வீடுகளில் இது நடக்கும். பீரோ மேலிருந்து எமர்ஜென்சி லைட்டை இறக்கி ஸ்விட்சைத் தள்ளுவார்கள், எரியாது. மறுபடி தள்ளினால் மினுக்கென்று ஒரு வெளிச்சம் வந்து போகும். ஐந்தாறு முறை முன்னும் பின்னும் தள்ளிய பிறகு நின்று எரியும். ‘ஸ்விட்ச் லூசா இருக்கு’ என்று சொல்லிவிட்டு விளக்கை மேசையில் வைத்துவிடுவார்கள்.

அந்த ஸ்விட்ச் பெரும்பாலும் லூசாக இருப்பதில்லை. முதலில் ஏன் மறுத்தது, ஐந்தாறு முறை தள்ளியதும் ஏன் வழிக்கு வந்தது என்பதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் இன்னும் இரண்டு குழப்பங்களும் சேர்ந்தே தீரும். ஒன்று, பழைய கம்ப்யூட்டரின் முதுகில் இருக்கும் சிவப்பு ஸ்விட்சைத் தவறாகத் தள்ளினால் ஏன் புகை வருகிறது? மற்றொன்று, பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செய்த மோட்டார் வண்டி ஏன் முன்னால் மட்டும் போகிறது, பின்னால் வர மறுக்கிறது?

## உள்ளே இருப்பது

எங்கும் கிடைக்கும் சாதாரண ஸ்லைடு ஸ்விட்சுக்கு வரிசையாக மூன்று கால்கள் இருக்கும். அதன் தகர மூடியின் ஓரக் காதுகளை நிமிர்த்திப் பிரித்தால், பழுப்பு நிறப் பலகை ஒன்றில் மூன்று உலோகத் தலைகள் தெரியும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களின் மறுமுனைதான் அவை. நாம் விரலால் தள்ளும் குமிழுக்கு அடியில் ஒரு சிறிய கிளிப் உட்கார்ந்திருக்கும். மெல்லிய தகடு, கொஞ்சம் வளைந்தது, ஸ்பிரிங் போல அழுத்தம் கொடுப்பது. குமிழைத் தள்ளும்போது ‘டக்’ என்று பள்ளத்தில் விழுவது போன்ற உணர்வு வருகிறதே, அது கிளிப்போ தனி ஸ்பிரிங்கோ அடுத்த பள்ளத்தில் பதிவதால் வருவது. விரலை எடுத்தாலும் ஸ்விட்ச் அங்கேயே நிற்கும். காலிங்பெல் பட்டன் விட்டால் திரும்பிவிடும்; இது திரும்பாது.

கிளிப்பின் நீளம் இரண்டு தலைகளை மட்டும் மூடும் அளவு. குமிழ் இடப்பக்கம் இருந்தால் இடக்காலும் நடுக்காலும் சேரும். வலப்பக்கம் தள்ளினால் நடுக்காலும் வலக்காலும் சேரும். நடுக்கால் எப்போதும் கிளிப்புக்குக் கீழேதான். அதனால் அதைப் ‘பொதுக்கால்’ என்பார்கள்.

சென்ட்ரலிலிருந்து கிளம்பும் ரயில் பேசின் பிரிட்ஜைத் தாண்டி கூடூர் பக்கம் போவதா, அரக்கோணம் பக்கம் போவதா என்பதைத் தண்டவாளத்தின் பாயிண்ட் முடிவு செய்கிறது. ஸ்லைடு ஸ்விட்சும் அப்படி ஒரு பாயிண்ட்தான். ‘ஆன், ஆஃப்’ என்பது அதன் வேலையில் ஒரு பகுதி மட்டும். நடுக்காலையும் ஓர் ஓரக்காலையும் பயன்படுத்தி மற்றதைச் சும்மா விட்டால் அது ஆன்-ஆஃப் ஸ்விட்ச். மூன்றையும் பயன்படுத்தினால் கரண்ட் எந்த வழியில் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச்.

மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வயரையும் இரண்டு ஓரக்கால்களில் பற்றவைத்துவிட்டு நடுக்காலை விட்டுவிடுவார்கள். பார்க்கச் சமமாக, அழகாக இருக்கும். ஆனால் குமிழ் எந்தப் பக்கம் இருந்தாலும் ஓரக்கால்கள் ஒன்றையொன்று தொடாது. விளக்கு எரியவே எரியாது.

## போல், த்ரோ

கடையில் ஸ்விட்ச் கேட்டால் எழுத்துகளில் பதில் வரும். அதற்கு இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். ‘போல்’ என்பது ஒரே குமிழ் ஒரே நேரத்தில் எத்தனை தனித்தனி சர்க்யூட்டுகளைக் கையாளுகிறது என்பது. ‘த்ரோ’ என்பது ஒவ்வொரு போலுக்கும் எத்தனை போக்கிடம் என்பது.

1. எஸ்.பி.எஸ்.டி.: ஒரு போல், ஒரு த்ரோ. இரண்டு கால். வெறும் ஆன்-ஆஃப்.
2. எஸ்.பி.டி.டி.: ஒரு போல், இரண்டு த்ரோ. மேலே பிரித்துப் பார்த்த மூன்று கால் ஸ்விட்ச்.
3. டி.பி.டி.டி.: இரண்டு போல், இரண்டு த்ரோ. ஆறு கால், இரண்டு வரிசை, இரண்டு கிளிப். ஒரே குமிழ் இரண்டையும் சேர்த்து நகர்த்தும். வரிசைகளுக்கு இடையே மின் தொடர்பு கிடையாது.
4. எஸ்.பி.3டி.: ஒரு போல், மூன்று த்ரோ. ஆஃப், மங்கல், பிரகாசம் என்று மூன்று நிலை உள்ள விளக்குகளில் பார்க்கலாம். இதில் ‘பொதுக்கால் நடுவில்’ என்ற விதி செல்லாது. மீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

## தள்ளும்போது நடுவழியில் நடப்பது

கிளிப் ஒரு தலையை விட்டு அடுத்த தலைக்குப் போகும் அந்தச் சின்ன இடைவெளியில் என்ன ஆகிறது? கிளிப்பின் நீளமும் தலைகளின் இடைவெளியும் அதை முடிவு செய்கின்றன. இரண்டு வகை உண்டு.

முதல் வகை, பழைய தொடர்பை விட்ட பிறகே புதியதைப் பிடிக்கும். நடுவழியில் நடுக்கால் யாரோடும் சேராமல் தனியாக இருக்கும். இதை நான்-ஷார்ட்டிங் வகை என்பார்கள். இரண்டாவது வகை, புதியதைப் பிடித்த பிறகே பழையதை விடும். ஒரு கணம் மூன்று கால்களும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். இது ஷார்ட்டிங் வகை.

வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரு விளக்கை 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மாற்றும் ஸ்விட்சாக வைத்தால் வித்தியாசம் பெரியது. ஷார்ட்டிங் வகை போட்டால் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அடாப்டரும் பேட்டரியும் ஒரு கணம் நேரடியாகச் சேரும். இரண்டின் வோல்ட்டேஜும் கொஞ்சம் வேறுபட்டாலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரிய கரண்ட் பாயும். இரண்டு சப்ளைகளுக்கு நடுவே வைக்கும் ஸ்விட்ச் நான்-ஷார்ட்டிங்காகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் ஷார்ட்டிங் வகை எதற்கு? ஆம்பியர் அளக்கும் மீட்டரில் அளவீட்டு எல்லையை மாற்றும் இடத்துக்கு அதுதான் வேண்டும். அங்கே முள்ளைத் தாண்டிக் கரண்டை வெளியே விடும் ஷன்ட் என்ற கம்பித்துண்டு ஒரு கணம் விலகினாலும், முழுக் கரண்டும் மெல்லிய காயில் வழியே போய் அதை எரித்துவிடும்.

## எமர்ஜென்சி லைட் அடம் பிடிப்பது

கிளிப்பும் தலைகளும் பெரும்பாலும் செம்பு கலந்த உலோகம். மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. வெள்ளி மிக நல்ல கடத்தி. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு, வீட்டில் எல்லோரும் பார்த்ததுதான்: பெட்டியில் கிடக்கும் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகும். காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து கரும்படலம் உண்டாக்குகின்றன. ஸ்விட்சுக்குள்ளும் அதுவே நடக்கிறது. பூச்சு தேய்ந்த இடத்தில் செம்பு வெளியே தெரிந்தால் பச்சைக் களிம்பு. பெசன்ட் நகரிலோ ராயபுரத்திலோ கடற்காற்று அடிக்கும் வீடு என்றால் உப்பும் ஈரமும் சேர்ந்து வேலையை வேகப்படுத்தும். தகர மூடி துருப்பிடிப்பதை வெளியிலேயே பார்க்கலாம்.

இந்தப் படலம் கரண்டுக்குத் தடை. கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். நல்ல ஸ்விட்சில் கிளிப்புக்கும் தலைக்கும் இடையே 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை ஆம்பியர் ஓடினால் அங்கே இழப்பது 0.025 வோல்ட். யாருக்கும் தெரியாது. படலம் ஏறி அந்தத் தடை 2 ஓம் ஆகிவிட்டால், அதே அரை ஆம்பியருக்கு 1 வோல்ட் ஸ்விட்சிலேயே நின்றுவிடும். எமர்ஜென்சி லைட் பலவற்றில் இருப்பது 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. வெள்ளை எல்.இ.டி. எரியவே ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். 4-இல் 1 போனால் விளக்கு மங்கும். இன்னும் கொஞ்சம் போனால் எரியாது. 230 வோல்ட் விளக்கில் இதே 1 வோல்ட் போனால் ஒன்றும் ஆகாது. வோல்ட்டேஜ் குறையக் குறைய ஸ்விட்சின் சுத்தம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

ஸ்லைடு ஸ்விட்சின் நல்ல குணம் ஒன்றும் இங்கே வருகிறது. கிளிப் தலையின் மேல் உரசிக்கொண்டே நகர்கிறது. ஒவ்வொரு தள்ளலிலும் படலம் கொஞ்சம் சுரண்டப்படும். புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு பளிச்சென்று ஆவதைப்போல, ஐந்தாறு முறை தள்ளியதும் அடியில் இருந்த வெள்ளி வெளியே வருகிறது. விளக்கும் நின்று எரிகிறது. ஆகவே மழைக்காலம் வரும்வரை விளக்கைத் தொடாமல் வைத்திருப்பதுதான் அதற்குக் கெடுதல். மாதம் ஒருமுறை, சார்ஜ் ஏற்றும் நாளில், பத்து முறை ஸ்விட்சைத் தள்ளிவிடலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தன. அப்படிப்பட்ட இரவில் இந்தப் பத்துத் தள்ளல் எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். முதல் நாள் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் தூசியை இழுத்துப் பிசுக்காக்கி, படலத்தைவிடப் பெரிய தடையாகிவிடும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கும்; ஒரு பீச்சு பீச்சி, இருபது முறை தள்ளி, காயவிட்டால் போதும்.

## மேலே எழுதியிருக்கும் எண்

சில ஸ்விட்சுகளின் உடம்பில் ‘3ஏ 250வி ஏ.சி.’ என்று அச்சிட்டிருக்கும். மூன்று ஆம்பியர்தானே, 12 வோல்ட் பேட்டரிக்கு எதேஷ்டம் என்று நினைக்கத் தோன்றும். கடைசி இரண்டு எழுத்துகளைக் கவனிக்க வேண்டும்.

காண்டாக்ட், அதாவது கிளிப்பும் தலையும் தொடும் இடம், பிரியும் கணத்தில் நடுவே ஒரு தீப்பொறி எழும். நம் வீட்டுக்கு வருவது ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட். அது 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வரும். பொறி எழுந்தாலும் நூறில் ஒரு பங்கு நொடிக்குள் அணைந்துபோக வாய்ப்பு கிடைக்கிறது. பேட்டரி தரும் டி.சி. ஒரே திசையில் ஓடுவது; அதில் பூஜ்யமே வராது. வோல்ட்டேஜும் கரண்டும் போதுமான அளவு இருந்தால் பொறி இழுத்துக்கொண்டே நின்று காண்டாக்டை அரிக்கும், சில நேரம் கிளிப்பையும் தலையையும் ஒட்டவைத்துவிடும். ஆகவே ஒரே ஸ்விட்சுக்கு டி.சி. அளவு குறைவாகத்தான் கொடுப்பார்கள். போர்டில் நேரடியாகப் பொருத்தும் மிகச் சின்ன ஸ்லைடு ஸ்விட்சுகளில் எதுவுமே அச்சிட்டிருக்காது. அவற்றில் பல 50 வோல்ட் டி.சி., அரை ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவான வகை. அப்படியே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

தள்ளுவண்டிக் கடையில் 12 வோல்ட் பேட்டரி வைத்து எல்.இ.டி. பட்டை எரிப்பதைப் பார்க்கிறோம். பட்டை 24 வாட் என்றால் 2 ஆம்பியர் இழுக்கும். அரை ஆம்பியர் ஸ்விட்சுக்கு அது நான்கு மடங்கு சுமை. காண்டாக்டில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கு மடங்கு கரண்ட் என்றால் பதினாறு மடங்கு சூடு. குமிழ் இளகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் இதுதான் காரணம். அந்த இடத்துக்குப் பெரிய ஸ்விட்ச் போட வேண்டும், இல்லையென்றால் சின்ன ஸ்விட்சை வைத்து ஒரு ரிலேயை (சிறிய கரண்டால் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) இயக்கி, கரண்டை ரிலே வழியாக விட வேண்டும்.

## கம்ப்யூட்டரின் முதுகில் உள்ள சிவப்பு ஸ்விட்ச்

ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பவர் சப்ளையின் பின்புறம் சிவப்பு ஸ்லைடு ஸ்விட்ச் ஒன்றைப் பார்த்திருக்கலாம். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230 என்பதால் வைத்தது. இதை 115-இல் வைத்து இங்கே பிளக்கைச் செருகினால் ‘டமார்’ என்று சத்தம் வரும், புகை வரும். அவ்வளவு பெரிய விளைவுக்கு உள்ளே அந்த ஸ்விட்ச் செய்வது ஒரே ஒரு தொடர்பைச் சேர்ப்பதும் பிரிப்பதும்தான்.

பவர் சப்ளைக்குள் நுழையும் ஏ.சி.யை நான்கு டையோடுகள் (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுபவை) டி.சி.யாக மாற்றி, வரிசையாக அடுக்கிய இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களில் (மின்னூட்டத்தைச் சேமித்து வைப்பவை) நிரப்புகின்றன. 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 325 வோல்ட்.

1. ஸ்விட்ச் 230-இல் இருந்தால் தொடர்பு பிரிந்திருக்கும். 325 வோல்ட்டை இரண்டு கெப்பாசிட்டர்களும் பகிர்ந்துகொள்ளும். ஆளுக்கு ஏறக்குறைய 162.
2. ஸ்விட்ச் 115-இல் இருந்தால், இரண்டு கெப்பாசிட்டர்களும் சந்திக்கும் நடுப்புள்ளி ஏ.சி. வயர் ஒன்றோடு நேராகச் சேரும். இப்போது அலையின் ஒரு பாதி மேல் கெப்பாசிட்டரையும் மறுபாதி கீழ் கெப்பாசிட்டரையும் நிரப்பும். 115 வோல்ட்டின் உச்சம் 162. இரண்டும் சேர்ந்து 325. அதாவது எந்த ஊரில் செருகினாலும் அடுத்து வரும் சர்க்யூட்டுக்குக் கிடைப்பது அதே 325 வோல்ட்.
3. ஸ்விட்சை 115-இல் வைத்து 230 வோல்ட் கொடுத்தால், ஒவ்வொரு கெப்பாசிட்டரும் 325 வரை நிரம்பும். மொத்தம் 650. அவற்றின் உடம்பில் பெரும்பாலும் 200 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். தலை உப்பி வெடிப்பது அதனால்.

ஒரே தொடர்பில் இரண்டு நாட்டு மின்சாரத்தையும் சமன் செய்த அந்த ஏற்பாட்டின் அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதற்கான விலை, ஒரு குமிழ் தப்பான பக்கம் இருந்தால் மொத்தமும் போகும் என்பது. தவறிக்கூட விரல் படக் கூடாது என்றுதான் அந்தக் குமிழைப் பள்ளத்துக்குள் வைத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் மட்டுமே நகரும்படி செய்திருக்கிறார்கள். பிளக்கைச் செருகும் முன் 230 என்ற எண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தலைகீழாக, 230-இல் வைத்து 115 வோல்ட் கொடுத்தால் பெரும்பாலும் சேதம் வராது. கம்ப்யூட்டர் எழுந்திருக்காது, அவ்வளவுதான். புதிய பவர் சப்ளைகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே ஏற்றுக்கொள்வதால் இந்த ஸ்விட்சே இல்லாமல் வருகின்றன.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவரும் பயண ஹேர் டிரையரிலும் இதே போன்ற ஸ்லைடர் இருக்கலாம். அங்கே கதை எளிது: வோல்ட்டேஜ் இரண்டு மடங்கானால் சூட்டுக் காயிலின் வாட் நான்கு மடங்காகும்.

## மோட்டார் இரண்டு பக்கமும் சுற்ற

டி.சி. மோட்டாரின் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். அந்த மாற்றத்தை ஆறு கால் டி.பி.டி.டி. ஸ்விட்ச் செய்யும். இடது வரிசைக் கால்களை 1, 2, 3 என்றும் வலது வரிசையை 4, 5, 6 என்றும் எண்ணிக்கொள்ளலாம். 1-க்கு எதிரே 4.

1. மோட்டாரின் இரண்டு வயர்கள் நடுக்கால்களுக்கு: 2, 5.
2. பேட்டரியின் பிளஸ் 1-க்கு, மைனஸ் 4-க்கு.
3. 1-இலிருந்து 6-க்கு ஒரு வயர், 4-இலிருந்து 3-க்கு ஒரு வயர். இரண்டும் குறுக்காகப் போக வேண்டும்.

குமிழ் ஒரு பக்கம் இருந்தால் 2-க்குப் பிளஸ். மறுபக்கம் தள்ளினால் 2-க்கு மைனஸ். வண்டி ஒரே பக்கம் ஓடுகிறது என்றால் மூன்றாவது படியில் வயரைக் குறுக்காகப் போடாமல் 1-ஐ 3-க்கும் 4-ஐ 6-க்கும் நேராகப் போட்டிருப்பார்கள். இந்த இணைப்பில் 1 பிளஸ், 3 மைனஸ் என்பதையும் கவனியுங்கள். ஸ்விட்ச் ஷார்ட்டிங் வகை என்றால் தள்ளும் ஒவ்வொரு முறையும் பேட்டரி ஷார்ட் ஆகும்.

இன்னொன்று. முழு வேகத்தில் சுற்றும் மோட்டாரைச் சட்டென்று எதிர்ப்பக்கம் தள்ளக் கூடாது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டர். அது உண்டாக்கும் வோல்ட்டேஜும் பேட்டரியின் வோல்ட்டேஜும் சேர்ந்து, நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இழுப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்டைக் காயிலில் தள்ளும். நடுவில் ஆஃப் நிலை உள்ள ஸ்விட்ச் வாங்கினால், நிறுத்திவிட்டுத் திருப்பலாம். பொறியைக் குறைக்க மோட்டாருக்குக் குறுக்கே டையோடு போடச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் சுற்றும் மோட்டாருக்கு அது பொருந்தாது. திசை மாறும்போது டையோடே ஷார்ட் ஆகிவிடும். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடலாம்.

## சோதிப்பதும் மாற்றுவதும்

1. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் மீட்டரை வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான வோல்ட்டேஜ் தங்கியிருக்கும்.
2. மல்டிமீட்டரைப் பீப் சத்தம் தரும் நிலையில் வைத்து, ஒரு முனையை நடுக்காலிலும் மற்றதை ஓரக்காலிலும் வையுங்கள். ஒரு நிலையில் பீப் வர வேண்டும், மறுநிலையில் நிற்க வேண்டும்.
3. இரண்டு முனைகளையும் இரண்டு ஓரக்கால்களில் வைத்து, குமிழை மெதுவாக நகர்த்துங்கள். நடுவழியில் பீப் கேட்டால் அது ஷார்ட்டிங் வகை.
4. பீப் வந்தாலே ஸ்விட்ச் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். பல மீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். எமர்ஜென்சி லைட்டைக் கெடுக்க 2 ஓம் போதும். பேட்டரியை மாட்டி, விளக்கை எரியவிட்டு, ஸ்விட்சின் இரண்டு கால்களுக்கும் இடையே டி.சி. வோல்ட்டேஜ் பாருங்கள். ஒரு வோல்ட்டில் நூறில் சில பங்கு என்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தொட்டால் சுத்தம் செய்யலாம் அல்லது மாற்றலாம்.
5. மாற்றுவதற்கு முன் பழைய ஸ்விட்சைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கால்களின் எண்ணிக்கையோடு இடைவெளியும் பொருந்த வேண்டும். சின்ன ஸ்விட்சுகள் பலவற்றில் அது 2.54 மில்லிமீட்டர், பிரெட்போர்டு (பற்றவைக்காமல் சர்க்யூட் செருகிப் பார்க்கும் பலகை) துளைகளின் அதே இடைவெளி.
6. பற்றவைக்கும்போது ஒரு காலில் மூன்று நொடிக்கு மேல் சூடு நிற்கக் கூடாது. கால் சூடானால் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகி, தலை சாய்ந்துவிடும். சால்டரிங் பேஸ்டைக் குறைவாகத் தொடுங்கள். உருகிய பேஸ்ட் கால் வழியே மேலேறி ஸ்விட்சுக்குள் புகுந்தால், காண்டாக்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சாகப் படிந்து, புது ஸ்விட்சே முதல் நாளில் அடம் பிடிக்கும். எல்லாம் ஆறும்வரை குமிழைத் தள்ளாமல் இருங்கள்.